இரண்டு கதவும் திறந்திருக்கட்டும்

மே 6

சம்பந்தியம்மாவுக்கு,

முதல் சுற்றுலாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதை மட்டும் கேட்டு இன்னொரு கடிதம் போடுவீர்கள். தபால்காரர், அவர் மனைவி, பஸ்ஸில் வாந்தி வந்தால் என்று அந்த அம்மாள் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. கேமராக்காரர். பல் டாக்டர், அவருடைய மாமியார். பாய்லர்க்காரர், கையை விட்டு இறங்காத எண்ணெய்த் துணியோடு. புத்தகக் கடைக்காரர், அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத அவர் தம்பி, ஆளுக்கொரு ஜன்னல். உங்கள் மகள், அதாவது என் மருமகள். டிரைவர். நான். முன் சீட்டில் டைம்கீப்பர்.

கட்டாயம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர் உங்கள் சங்கத் தலைவர். காலையில் தலைவலியாம். சாயங்காலம் கடைத்தெருவில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மறதி கிடையாது என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

நீங்கள் இடுப்பை உடைத்துக்கொண்டு பெரிய மகன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டீர்கள். உங்கள் சங்கம் என் தலையில் விழுந்தது. மூன்றாம் வகுப்போடு நின்றவளிடம் தொழில் மரபு, கோடைச் சுற்றுலா என்று ஒரு கட்டைத் தூக்கிக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? "நீங்க சும்மா பஸ்ல உக்காந்து வந்தா போதும் அத்தை, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள் உங்கள் மகள். பார்த்துக்கொண்டாள். முதல் நிறுத்தத்திலேயே தண்ணீர்க் கேனை மறந்து இறக்கிவிட்டு வந்தாள். வகுப்பு எடுக்கிற அம்மாவின் பிள்ளை அல்லவா, வாய் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

போனில் பேச முடியாது என்று உங்களுக்கே தெரியும். மில் இரைச்சல் என் காதைத் தின்றுவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

பழைய தண்ணீர் இறைக்கும் நிலையம் நன்றாகவே இருந்தது. கீழே இறங்கினால் கிணற்றுக் குளிர்ச்சி. அந்த இரும்புச் சக்கரத்தைப் பார்த்ததைவிட அந்த நிழலைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் சந்தோஷம். பல் டாக்டரின் மாமியார் படியில் உட்கார்ந்துகொண்டு மேலே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "என்னை இங்கயே விட்டுட்டுப் போங்க, வீட்டைவிட இது எவ்வளவோ மேல்" என்றார். டாக்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

திரும்பி வரும்போது தபால்காரர் பின் சீட்டிலிருந்து மனைவியிடம், "இந்தம்மாவுக்கு என்ன தெரியும்னு பொறுப்பைக் குடுத்தாங்க?" என்றார். பஸ் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைப்பு. ஸ்பின்னிங் ஹாலில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்துப் பேசியவர்கள். டிரைவர் கண்ணாடியில் அவர் உதடு பளிச்சென்று தெரிந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. உங்க வீட்டம்மாவுக்கு இன்னொரு பை கொண்டுவரணும்னு மட்டும் தெரியும்" என்று சொல்லி நீட்டினேன்.

கல்யாணத்தில் என்னைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தீர்கள். என் பிள்ளையின் கல்யாணத்தை நான் தூணோடு சேர்ந்து பார்த்தேன். அதை நினைவில் வைத்துக்கொண்டே உங்களுக்கு இந்த உதவியைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் தாய்


மே 13

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை எதுவும் இல்லை. இருந்த ஒன்றிரண்டும் அழகாகவே இருந்தன.

தூணைப் பற்றி: அந்த மண்டபத்தில் மின்விசிறி இருந்த ஒரே இடம் அந்தத் தூணுக்குப் பின்னால்தான். உங்களுக்குக் காற்று வேண்டுமே என்று நானே பார்த்துப் போட்ட நாற்காலி அது. இத்தனை வருடமாக இதைச் சொல்ல வாய்ப்புத் தரவில்லை நீங்கள்.

உங்களிடம் பொறுப்பைக் கொடுத்தது உங்கள் மருமகள் நினைப்பதுபோல் சும்மா உட்கார்ந்து வருவதற்கு அல்ல. இந்தக் கோடை எங்களுக்கு ஏன் முக்கியம் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நீங்கள் வேலை பார்த்த நூற்பாலையை வாங்கிய கம்பெனி மற்றக் கட்டடங்களையெல்லாம் கிடங்காக்கிவிட்டது. மிச்சமிருப்பது பாய்லர் கூடமும் புகைபோக்கியும் பெரிய கேட்டும்தான். அதை இடிப்பதா, சங்கத்திடம் விட்டுவைப்பதா என்று கோடை முடிந்ததும் முடிவு செய்வார்கள். "யார் வருகிறார்கள் இங்கே?" என்பதுதான் அவர்கள் கேள்வி. நான்கு சுற்றுலாவையும் சொன்னபடி நடத்திக் காட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நான்காவது சுற்றுலா நூற்பாலையிலேயே. அன்று பாய்லர்க்காரர் நீராவி ஏற்றிப் பழைய ஆலைச் சங்கை ஊதிக் காட்டுவார். கம்பெனி அதிகாரி வந்து பார்ப்பார். கேட் சாவி, அந்தக் காலத்தில் ஆட்கள் வந்துபோகும் நேரத்தைக் குறித்த டைம்கீப்பரிடம் இருக்கிறது. கேட்டில் நின்று ஷிப்ட் நேரங்களைப் பற்றி அவர் பேசுவார். உள்ளே, வேலை பார்த்தவர் என்ற முறையில் நீங்கள் பேச வேண்டும்.

என் கணவர் போன பிறகு காலையில் எழுந்து செருப்பை மாட்ட ஒரு காரணம் தேவைப்பட்டது. பூகோளம் சொல்லிக்கொடுக்கப் பிள்ளைகளும் இல்லை, வேலையும் முடிந்துவிட்டது. அந்தக் காரணம் இந்தச் சங்கம்தான். சிரிக்காதீர்கள்.

அடுத்தது செங்கல் சூளை. அங்கே நிழல் கிடையாது. தொப்பி, குடை, எலுமிச்சைச் சாறு. பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள். அதைக் கேட்காமல் போனால் எந்தச் சுற்றுலாவும் உருப்படாது.

செயலாளர் (படுக்கையில்)


மே 27

சம்பந்தியம்மாவுக்கு,

தூணுக்குப் பின்னால் மின்விசிறி இருந்தது உண்மைதான். அது ஓடவில்லை.

செங்கல் சூளை போய்வந்தோம். ஆனால் நீங்கள் சொன்ன சூளைக்கு இல்லை. டிரைவர் பாலத்துக்கு முன்னால் திரும்புவதற்குப் பதில் பின்னால் திரும்பிவிட்டான். போய் நின்றால், சூளையில் புகை வருகிறது, ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மூடிக் கிடக்கும் பழைய சூளை என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் இறங்கி, "எவ்வளவு நல்லாப் பராமரிக்கிறாங்க பாருங்க" என்று எல்லோருக்கும் சொன்னேன்.

பல் டாக்டர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கேமராக்காரர் கேமராவைத் தூக்கினார். சூளைக்காரர் அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வந்திருக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. அவர் மனைவி வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டு வாசலில் சோப்பும் துண்டும் வைத்தாள். நம் ஆட்களும் வாயைத் திறக்கவில்லை. தபால்காரர் செங்கல் ஒன்றைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, "ம்ம்" என்றார். சூளைக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் நான்தான் பாவம் பார்த்து, "ஐயா, நாங்க சும்மா சுத்திப் பாக்க வந்தவங்க, இடம் மாறி வந்துட்டோம்" என்றேன். அந்த மனிதர் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், உட்கார்ந்துகொண்டு சிரித்தார். சூளையின் வாய் வரை கூட்டிப்போய் எல்லாவற்றையும் காட்டினார். புத்தகக் கடைக்காரரும் தம்பியும் சிரித்த சிரிப்பில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் நினைவு வந்து விட்டுவிட்டார்கள். உங்கள் பழைய சூளைக்குப் போயிருந்தால் இதெல்லாம் கிடைத்திருக்காது.

மூன்றாவது, கயிற்று ஆலைக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. நிழல் உண்டு. கழிப்பறை உண்டு.

நான்காவதுக்கு நான் வரவில்லை. முழங்கால் சரியில்லை. வெயிலும் ஆகாது. வேறு யாரையாவது பாருங்கள்.

மாப்பிள்ளையின் தாய்


ஜூன் 3

சம்பந்தியம்மாவுக்கு,

சூளையில் மேலும் கீழும் ஏறி இறங்கிய முழங்கால், நூற்பாலை என்றதும் மட்டும் எப்படி வலிக்கிறது?

வெளிப்படையாகவே கேட்கிறேன். இது தூணுக்குப் பழி வாங்கலா? அப்படியானால் என் பேரில் வாங்கிக்கொள்ளுங்கள், சங்கத்தின் பேரில் வேண்டாம். முக்கியமான நாளன்று நட்டாற்றில் விட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது உங்கள் வயதுக்கு அழகில்லை. அதே ஆலையில் வேலை பார்த்தவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அந்த இடத்தின் மேல் பிரியம் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் என்ன?

நீங்கள் வராவிட்டால் நான்காவதை டைம்கீப்பரையே நடத்தச் சொல்லிவிடுகிறேன். பொறுப்பான மனிதர். ஒரு நாள்கூட விதியை மீறாதவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

செயலாளர்


ஜூன் 17

செயலாளருக்கு,

கயிற்று ஆலை முடிந்தது. எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் திரும்பினார்கள்.

நீங்கள் கொடுத்த விசிலையும் குடையையும் கொடியையும் உங்கள் மகளிடம் ஒப்படைத்துவிட்டேன்.

விதியை மீறாத மனிதரே நடத்தட்டும்.


ஜூன் 24

என் மகளின் மாமியாருக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் காலையிலிருந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மூன்று வரிக் கடிதத்தைப் படித்துவிட்டு மகளிடம் போனில் கத்தினேன். "அம்மா, அத்தை ரெண்டு நாளா சரியா சாப்பிடல. நீ என்ன எழுதின?" என்று அவள் என்னிடம் திருப்பிக் கத்தினாள். அப்புறம் அவளாகவே பழைய மில் கம்பவுண்டர் வீட்டுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். அவர் கொஞ்சம்தான் சொன்னாராம். "மிச்சத்தை அவங்க சொன்னாத்தான் உண்டு, நான் சொல்லக்கூடாது" என்றாராம். உங்களுக்கு ஒரு தங்கை இருந்தாள், அவள் அங்கேதான் இறந்தாள் என்பது வரை தெரிந்துகொண்டேன். உங்கள் மகனுக்கே இதற்கு மேல் தெரியவில்லை என்றால், நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

நான் எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. பழைய மில்கள், பழைய இயந்திரங்கள் என்று இத்தனை வருடம் ஊர் ஊராக ஆட்களை அழைத்துப் போயிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் இருந்த சம்பந்தியிடம் அந்த ஆலையில் உங்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். உங்களிடம் அது சுலபமாகக் கிடைக்காது என்று தெரியும்.

நான்காவது சுற்றுலாவை நிறுத்திவிட்டேன். கம்பெனிக்கு இன்று எழுதிவிடுகிறேன். பாய்லர் கூடம் போனால் போகட்டும். செருப்பை மாட்ட வேறு காரணம் கிடைக்கும்.

உங்கள் மருமகளின் அம்மா


ஜூலை 1

சம்பந்தியம்மாவுக்கு,

கம்பெனிக்கு எழுதியிருந்தால் வேறொன்று எழுதி அதை ரத்து செய்யுங்கள். சுற்றுலா நடக்கும். நானே நடத்துகிறேன். உங்கள் மகளிடமிருந்து விசிலைத் திரும்ப வாங்கிவிட்டேன்.

எனக்காக ஒருவர் ஒன்றைப் போனால் போகட்டும் என்று விட்டது இதுதான் முதல் தடவை. அதுவும் உங்கள் உயிராக இருக்கும் ஒன்றை. அந்த வரியை நாலைந்து முறை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவளுக்கு நாலைந்து முறை என்பது பெரிய வேலை. அதனால் சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், நூல் நூற்கும் ரிங் பிரேமில். என் தங்கை, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங்கில். சின்னவள் என்றுதான் வீட்டில் கூப்பிடுவோம். நூல் கட்டைகளை மாற்றுகிற மூன்று பெண்கள். கார்டிங் மேஸ்திரி. கம்பவுண்டர், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்தவர். மேனேஜர். கேட்டில் டைம்கீப்பர். கேட்டுக்கு வெளியே என் அம்மா.

சின்னவளின் தாவணி பெல்ட்டில் சிக்கியது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

மூன்று முறை சின்னதாகச் சங்கு ஊதினால் யாரோ மெஷினில் மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். மில் ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருந்த எங்களுக்குத்தான் கேட்காது. ஹாலின் அந்தக் கோடியில் ஒரு பெண் நின்று என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். "உன் தங்கச்சி." நான் ஓடினேன். கம்பவுண்டர் அறையில் அவள் கண் திறந்துதான் இருந்தது. "அம்மா வந்துட்டாளா?" என்று கேட்டாள். "வந்துட்டிருக்கா" என்றேன். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன்.

அம்மா வந்திருந்தாள். சங்கு கேட்டதும் அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டு ஓடி வந்திருக்கிறாள். கேட் சாத்தியிருந்தது. விபத்து என்றால் வெளி ஆளை உள்ளே விடக்கூடாது, கூட்டம் கூடிக் கலாட்டா ஆகும் என்பது மேனேஜரின் உத்தரவு. மேனேஜரை நான் எண்ணுவதே இல்லை. அவருக்கு என் அம்மாவின் முகம் தெரியாது. டைம்கீப்பருக்குத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவர். வீட்டில் ஏணி இல்லாதபோது எங்கள் ஏணியை வாங்கிப் போவார். அம்மா கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கெஞ்சினாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உள்பக்கம் பார்த்து நின்றார்.

கடைசியில் கேட் திறந்தது. சின்னவளைக் கொண்டுபோகும் வண்டி வெளியே போவதற்காக.

அதற்குப் பிறகு அந்த ஆலையிலேயே, அந்தக் கேட் வழியாகவே, அது மூடும் வரை வேலைக்குப் போனேன். வயிறு இருந்ததே. டைம்கீப்பர் முகத்தை மட்டும் பார்த்ததில்லை. உங்கள் பஸ்ஸில் முன் சீட்டில் அவர் உட்கார்ந்திருந்தபோது அவர் தலையின் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

கம்பவுண்டருக்கும், உதட்டை அசைத்த அந்தப் பெண்ணுக்கும், மெஷினை நிறுத்தக் கையை உள்ளே விட்டுத் தன் விரலை இழந்த மேஸ்திரிக்கும் நான் நன்றிக்கடன் பட்டவள். மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் பெண்ணுக்குப் பிரசவம் பார்த்தது நான்தான்.

ஒரே ஒரு நிபந்தனை. அன்றைக்குக் கேட்டின் இரண்டு கதவும் திறந்திருக்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை. யார் வந்தாலும்.

மாப்பிள்ளையின் தாய்


ஜூலை 5

சம்பந்தியம்மாவுக்கு,

இரண்டு கதவும். எழுதிப் போட்டுவிட்டேன், டைம்கீப்பருக்கும் கம்பெனிக்கும். காரணம் எழுதவில்லை. டைம்கீப்பரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "இடது கதவின் தாழ் துருப்பிடித்திருக்கிறது. சரி செய்துவிடுகிறேன்."

நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தேன். டாக்டர் பயணம் கூடாது என்கிறார். அன்றைக்கு நான் அங்கே இருக்க முடியாதது என் இடுப்பைவிட அதிகமாக வலிக்கிறது. நீங்கள் கண்டதையெல்லாம் எழுதுங்கள். மீதியிருக்கும் கோபங்களையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் கோபப் பட்டியலில் நான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள ஆசை.

உங்கள் மருமகளின் அம்மா


ஜூலை 15

சம்பந்தியம்மாவுக்கு,

பஸ் போய் நின்றபோது வலது கதவு திறந்திருந்தது, இடது கதவு திறக்கவில்லை. டைம்கீப்பர் முன்னாலேயே தனியாக வந்துவிட்டிருந்தார். ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு தாழைத் தட்டிக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் துரு. நான் இறங்கவில்லை.

"அத்தை, ஒரு கதவு திறந்திருக்கே, பஸ்ஸே உள்ள போகும்" என்றாள் உங்கள் மகள்.

"போகும். நான் போகமாட்டேன்."

"வெயில்ல பஸ் கொதிக்குது அத்தை."

"கொதிக்கட்டும்."

உங்கள் மகளை இதுவரை நான் குறைவாகத்தான் எடை போட்டிருக்கிறேன். வேறு ஒன்றும் பேசாமல் கீழே இறங்கினாள். உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த பாய்லர்க்காரர் கையிலிருந்த எண்ணெய்த் துணியைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கேட்டின் மறுபக்கம் நின்றாள். டைம்கீப்பர் தட்ட, இவள் எண்ணெய் பிழிய, தபால்காரரும் பல் டாக்டரும் தோள் கொடுத்துத் தள்ள, இடது கதவு ஒரு அலறல் போட்டுத் திறந்ததாம். எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தேன். இறங்கி நடந்து போனேன்.

சங்கத் தலைவர் வந்திருந்தார். கையில் பழக்கூடை. என்னைப் பார்த்ததும் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

கம்பெனியிலிருந்து வந்தது சின்னப் பெண். மஞ்சள் ஹெல்மெட், வாயில் சிரிப்பில்லை. "இவ்வளவு பேர்தானா?" என்று கேட்டாள். பஸ்ஸில் வந்த கூட்டம்தான். உங்கள் முகம் கண்ணுக்குள் வந்தது. ரிங் பிரேம் இருந்த இடத்தில் இப்போது அட்டைப்பெட்டிகள். அங்கே நின்று நாங்கள் உதட்டால் பேசிய கதையைச் சொன்னேன். எல்லோரையும் காதைப் பொத்தச் சொல்லி, பல் டாக்டரின் மாமியார் மருமகனைப் பற்றிச் சத்தமில்லாமல் சொன்னதை நான் சத்தமாகச் சொன்னேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கும் அப்போது சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்புறம் சங்கு. பாய்லர்க்காரர் முந்தின நாளிலிருந்தே நெருப்பு மூட்டி நீராவி ஏற்றியிருந்தார். ஷிப்ட் தொடங்கும்போது ஊதுவதுபோல நீளமாக ஒரு முறை ஊதுவது என்று ஏற்பாடு. ஆனால் அந்த மனிதர் பதற்றத்தில் குழாயில் தேங்கியிருந்த தண்ணீரை வடிக்க மறந்துவிட்டார். இத்தனை வருடம் பாய்லரோடு குடும்பம் நடத்தியவர் மறக்கக்கூடிய காரியமா அது? கயிற்றை இழுத்தார். நான் முற்றத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளையாக ஒரு புகை வந்து அடைத்தது. மறுபடி ஒன்று வந்து அடைத்தது. மறுபடி ஒன்று.

மூன்று. சின்னதாக.

என் காதுக்கு ஒன்றும் வரவில்லை. நெஞ்சுக்குள் மூன்று முறை இடித்தது.

அப்புறம் கேட்டைப் பார்த்தேன். வந்துகொண்டிருந்தார்கள், சம்பந்தியம்மா. லைன் வீடுகளிலிருந்தும், பின் தெருவிலிருந்தும், கடைத்தெருவிலிருந்தும். பாதி முகத்தில் சவர நுரையோடு ஒருவர், அவர் பின்னால் கத்தியைக் கீழே போடாமலே முடிதிருத்துபவர். கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரி. ஈரத் தலையோடு ஒருத்தி. கைத்தடியை ஊன்ற நேரமில்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஒரு கிழவர். அன்றைக்கு ஹால் கோடியிலிருந்து உதட்டை அசைத்தவள், இப்போது என்னைப்போலவே பல் இல்லாதவள், பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு. எல்லோருக்கும் முன்னால் கம்பவுண்டர், அந்தப் பழைய தோல் பெட்டியோடு. ஆலை மூடி எத்தனை வருடம் ஆகிறது. பெட்டியை எடுக்க அவர் யோசித்திருக்கவே மாட்டார்.

"யாரும்மா? யாருக்கு?" என்று மூச்சு வாங்க என் தோளைப் பிடித்தார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணே. சும்மா. தண்ணி அடைச்சுக்கிச்சு."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தாரா அழுதாரா என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். முற்றம் நிறைந்துவிட்டது. பயந்து வந்தவர்கள் எல்லோரும் பாய்லர்க்காரரைத் திட்டித் தீர்த்தார்கள். அப்புறம் வந்த காரியமே அதுதான் என்பதுபோல உள்ளே நுழைந்து, "இங்கதான் என் மெஷின்", "இங்கதான் நீ என்கிட்ட அடி வாங்கின" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

மஞ்சள் ஹெல்மெட் என்னிடம் வந்தாள். "யாருங்கம்மா இவங்கல்லாம்? பஸ்ல வரலையே?"

"மில்காரங்க."

"மில் மூடி ரொம்ப நாளாச்சே?"

"அதுக்கென்ன? ஊதினாங்க, வந்தாங்க."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். "இதை இடிக்கச் சொல்லி நான் எழுதமாட்டேன்மா" என்றாள். உங்களுக்குக் கடிதம் வரும். வந்ததும் ஜன்னல் வரை நடந்தது போதாது, வாசல் வரை நடங்கள். செருப்போடு.

இனி நான் எழுத நினைத்தது. அவ்வளவு பேர் ஓடி வந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர்களை மட்டும் அல்ல. அந்தத் துருப்பிடித்த இடது கதவு நிற்காமல் திரும்பத் திரும்ப மூடப் பார்த்தது. டைம்கீப்பர் முதுகைக் கொடுத்து அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. யாருக்கும் கேட்டிருக்காது, அந்தக் கூச்சலில். எனக்குத்தான் தெரிந்தது. "உள்ள வாங்க, உள்ள வாங்க, உள்ள வாங்கம்மா." வந்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் உள்ளே வந்து முடித்த பிறகும், காலித் தெருவைப் பார்த்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பாய்லர்க்காரர் தண்ணீரை வடித்துவிட்டு இரண்டாவது முறை சரியாக ஊதினார். நீளமாக. எல்லோரும் கை தட்டினார்கள். தேநீர் போதவில்லை, தையல்காரி வீட்டிலிருந்து அடுத்த சுற்று வந்தது. புத்தகக் கடைக்காரரின் தம்பி அண்ணனுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தான். இன்னும் பேசவில்லை, ஆனால் குடித்துவிட்டார்.

கிளம்பும்போது டைம்கீப்பர் என் முன்னால் வந்து நின்றார். ஐம்பது வருடத்தில் அவர் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தேன். கிழடாகிவிட்டார்.

"அன்னைக்கு..." என்றார்.

நான் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் அசையவில்லை. கேட் சாவியை நீட்டினார். "இது இனிமே உங்ககிட்ட இருக்கட்டும்மா."

வாங்கிக்கொண்டேன். "இன்னைக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க. அதுக்கு நன்றி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சாவி இப்போது என் சமையலறை ஆணியில் தொங்குகிறது. யாருக்கு எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம்.

உங்களுக்கும் நன்றி. அந்த இடத்துக்கு நான் திரும்பப் போயிருக்கவே மாட்டேன். போகாமல் செத்திருந்தால், மூன்று முறை ஊதினால் இன்னும் ஓடி வர இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரியாமலே செத்திருப்பேன். சின்னவளிடம் அன்றைக்குச் சொன்ன பொய்யை நினைத்து இத்தனை நாள் என் நெஞ்சு அறுத்தது. "வந்துட்டிருக்கா" என்றேனே. பொய் இல்லை. அம்மா வந்துகொண்டுதான் இருந்தாள். ஊரே வந்துகொண்டுதான் இருந்தது.

இனி நீங்கள் கேட்ட பட்டியல். டிரைவரை மன்னித்துவிட்டேன், சூளைக்காரர் தேநீருக்காக. தலைவரை மன்னித்துவிட்டேன், பழம் இனிப்பாக இருந்தது. தபால்காரர் கதவுக்குத் தோள் கொடுத்தார், அவர் கணக்கும் தீர்ந்தது. தண்ணீர்க் கேனை இறக்கிவிட்ட உங்கள் மகளை எப்போதோ மன்னித்துவிட்டேன், அவளிடம் சொல்ல வேண்டாம். தூணை விட்டுவிட்டேன், சம்பந்தியம்மா. மின்விசிறி ஓடவில்லைதான். ஆனால் ஓடும் என்று நினைத்துத்தானே போட்டீர்கள்.

அடுத்த கோடைக்கு இப்போதே பஸ் சொல்லிவிடுவோம். முன் சீட்டை அவருக்கே ஒதுக்கி வையுங்கள், அவருக்குக் காலை மடக்க முடியவில்லை, நானே பார்த்தேன். வெயிலுக்குக் குடையும் கொடுப்பேன், தண்ணீரும் கொடுப்பேன். நன்றி சொல்லிவிட்டேன், அதைத் திரும்ப வாங்கமாட்டேன். ஆனால் என் அம்மா இருந்து மன்னித்திருந்தால் அது வேறு. அவள் இல்லை. அவளுக்குப் பதிலாக நான் கொடுக்க முடியாது, கொடுக்கவும் மாட்டேன். பட்டியலில் மிச்சம் ஒரே ஒருவர்: எங்கள் ஏணியை வாங்கிப் போன டைம்கீப்பர்.